1 மணி 40 நிமிடத்தில் சென்னையா?

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர் அலுவலர்,
விமான டிக்கெட் முன்பதிவுப் பிரிவு.

பொருள்: உங்கள் ஆப் காட்டும் பயண நேரமும் தூரமும் தவறு – புகார்.

ஐயா / அம்மையீர்,

கடந்த மாதம் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு என் அம்மாவுக்கு உங்கள் ஆப்பில் டிக்கெட் போட்டேன். இரவு 8.00 மணிக்குப் புறப்பாடு, 9.40க்கு வருகை. அது சரிதான். அதன் கீழேயே "பயண நேரம் 1 மணி 40 நிமிடம், தூரம் 1,575 கி.மீ." என்று போட்டிருந்தீர்கள். இரண்டும் தப்பு.

சிங்கப்பூர் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னே ஓடுகிறது. 1982 ஜனவரி 1லிருந்து அப்படித்தான். அதைக் கணக்கில் எடுக்காமல், வந்த நேரத்திலிருந்து புறப்பட்ட நேரத்தை அப்படியே கழித்திருக்கிறீர்கள். உண்மையில் ஆவது 4 மணி 10 நிமிடம். அம்மா போகும்போது எடுத்த டிக்கெட்டைத் தேடிப் பார்த்தேன்: இரவு 11.15க்குக் கிளம்பி காலை 6.00க்கு இறங்கும் விமானத்துக்கு 6 மணி 45 நிமிடம் என்று இருக்கிறது. போக ஆறே முக்கால், வர ஒன்றே முக்கால்கூட இல்லை!

தூரம் ஏறத்தாழ 2,900 கி.மீ. நீங்கள் போட்டிருக்கும் 1,575 கடல் மைல் கணக்கு. ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. என்று பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும். இந்த இரண்டு தப்பும் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்ததால்தான் எனக்குச் சந்தேகமே வரவில்லை. டெல்லிக்கே இரண்டே முக்கால் மணி ஆகிறதே என்று நான் யோசித்திருக்க வேண்டும்தான்.

அம்மாவுக்கு 72 வயது, சர்க்கரை உண்டு. ராத்திரி மாத்திரை போட்டு அரை மணியில் சாப்பிட்டாக வேண்டும். ஒன்றே முக்கால் மணி நேரம்தானே என்று விமானத்தில் சாப்பாடு சொல்லவில்லை. "இறங்குற நேரத்துல மாத்திரையப் போட்டுக்கோம்மா, நான் இட்லியோட வெளியே நிக்கிறேன்" என்று போனில் சொல்லியிருந்தேன். அம்மா கையில் கட்டியிருந்தது சிங்கப்பூர் நேரம். அதில் 9.40 ஆனதும் மாத்திரையை விழுங்கிவிட்டார். நமக்கு அப்போது 7.10. விமானம் பாதி வழிகூட வந்திருக்காது. கொஞ்ச நேரத்தில் கை நடுங்கி, வேர்த்துக் கொட்டியிருக்கிறது. பக்கத்து சீட்டுப் பெண் பார்த்துப் பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, ஜூஸும் பிஸ்கட்டும் கொடுத்துத் தேற்றியிருக்கிறார்கள். வீல்சேரில் வெளியே வந்த அம்மா கேட்ட முதல் கேள்வி: "ஏண்டா, இவ்ளோ நேரம் லேட்டு?" விமானம் ஒரு நிமிடம்கூடத் தாமதமில்லை.

உங்கள் சேவை மையத்தில், "காற்றின் வேகத்தைப் பொறுத்துப் பயண நேரம் மாறும் சார்" என்றார்கள். காற்றால் பத்து, இருபது நிமிடம் கூடும், குறையும். இரண்டரை மணி நேரம் மாறுமா?

புறப்பாடு, வருகை இரண்டையும் ஒரே நேரக் கணக்குக்கு மாற்றிய பிறகு கழியுங்கள். தூரத்தைக் கிலோமீட்டரிலேயே காட்டுங்கள். இதே வழித்தடத்தில் ஏற்கெனவே டிக்கெட் எடுத்தவர்களுக்குத் திருத்திய நேரத்தைக் குறுஞ்செய்தியில் அனுப்புங்கள்; அவர்களிலும் மாத்திரை போடுகிறவர்கள் இருப்பார்கள். என்னிடம் வாங்கிய சேவைக் கட்டணத்தையும் திருப்பித் தாருங்கள். 15 நாளில் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவு செய்வேன். டிக்கெட் நகலும் ஆப் திரையின் படங்களும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
சென்னை.