பி.இ.டி. பீரியடைத் திருப்பிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொதுத்தேர்வு நெருங்கினாலே பள்ளிகளில் தன்னம்பிக்கைப் பேச்சாளர்களுக்கு மவுசு கூடிவிடுகிறது. பிளஸ் டூ படிக்கும் என் மகளின் பள்ளிக்கும் ஒருவர் வந்தார். நன்றாகத்தான் பேசினாராம், பிள்ளைகள் கைதட்டினார்கள், சிலர் அழவும் செய்தார்களாம். அந்தக் கூட்டத்துக்கு எந்த நேரத்தை எடுத்துக்கொண்டார்கள் தெரியுமா? அந்த வாரத்தின் ஒரே விளையாட்டு வகுப்பான பி.இ.டி. பீரியடை.

மற்ற வாரங்களில் அதைக் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்வார், இல்லாவிட்டால் வேதியியல் ஆசிரியர். கேட்டால், போர்ஷன் முடியவில்லை என்பார்கள். அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது, தேர்ச்சி விகிதம் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தானே. ஆனால் 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாமோ வாரத்துக்கு ஒரு பீரியடு கொடுக்கவே யோசிக்கிறோம்.

தூக்கத்தின் கதியும் இதுதான். பதின்வயதில் இரவில் தூக்கம் வருவதே தாமதமாகும். அது சோம்பேறித்தனமோ செல்போன் மோகமோ மட்டும் இல்லை, அந்த வயது உடம்பின் இயல்பு. இவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்கிறார்கள் மருத்துவர்கள். காலை ஏழரைக்குச் சிறப்பு வகுப்பு, சாயங்காலம் ஸ்லிப் டெஸ்ட், ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் வந்து விழும் வீட்டுப்பாடம். அப்புறம் எப்போது தூங்குவது? படித்தது மனதில் பதியவே தூக்கம் வேண்டும். கண் சொருகி உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் 'உன்னால் முடியும்' என்று முழங்கி என்ன பயன்?

என் மகளுக்குப் படிப்பில் உண்மையாகவே ஆர்வம் வந்ததை ஒருமுறை பார்த்தேன். தாவரவியல் ஆசிரியை நிலக்கடலைச் செடி ஒன்றை வேரோடு பிடுங்கி வந்து, வேர்முடிச்சுகளைக் காட்டி, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பாக்டீரியா அங்கேதான் நிலைப்படுத்துகிறது என்று விளக்கியிருக்கிறார். அன்று வீட்டுக்கு வந்தவள் சீருடையைக்கூட மாற்றாமல் கொல்லையில் நின்ற அவரைச் செடியைப் பிடுங்கிவிட்டாள். எங்கள் வீட்டு அவரைக்காய் போச்சு, சரி போகட்டும். அந்தப் பாடத்தை அவளைப் படிக்கச் சொல்லி நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

பொதுத்தேர்வு முடிவுகளில் மாநில, மாவட்ட ரேங்க் பட்டியல் வெளியிடுவதைத் தமிழக அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. ஆனாலும் தேர்வு முடிவு வந்ததும் பல பள்ளிகள் 600-க்கு இத்தனை என்று படம் போட்டு பிளக்ஸ் வைக்கின்றன. அதைப் பார்த்துவிட்டு வந்து பிள்ளையைக் குத்திக்காட்டுவது பெற்றோராகிய நாம்தான்.

கல்வித்துறை ஒன்று செய்யலாம். பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் விளையாட்டுப் பாடவேளையை வேறு பாடத்துக்கு எடுக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி, ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் அதைப் பிள்ளைகளிடமே கேட்கட்டும். உங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள்: மாதிரி வினாத்தாள் பக்கத்தின் அடியில் 14416 என்ற டெலி மனஸ் எண்ணைத் தினமும் அச்சிடுங்கள். கட்டணமில்லாத மனநல ஆலோசனை எண் அது, தமிழிலும் பேசலாம். வீட்டில் சொல்ல முடியாததைச் சொல்ல ஒரு பிள்ளைக்கு உதவும்.

– பிளஸ் டூ மாணவியின் தாய்,
திண்டுக்கல்.