சசிஹித்லு போட்டிக்கு நான்கு வரி போதாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மங்களூருக்குப் பக்கத்தில் சசிஹித்லு கடற்கரையில் நடந்த இந்திய ஓபன் சர்ஃபிங் (கடல் அலைமேல் பலகையில் நின்று சறுக்கும் விளையாட்டு) போட்டியைப் பற்றித் தங்கள் நாளிதழின் பெங்களூரு பதிப்பில் நான்கு வரிச் செய்தி வந்திருந்தது. அதுவும் விளையாட்டுப் பக்கத்தில் இல்லை. விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று சொல்லும் பக்கத்தின் அடியில், ஒரு துணுக்காக. வென்றவர்களின் பெயர்கூட இல்லை. இரண்டு நாள் அந்த மணலில் உட்கார்ந்து போட்டியைப் பார்த்தவள் நான். படித்ததும் மனசு கேட்கவில்லை.

நாங்கள் அல்சூரில் இருக்கிறோம். மங்களூரில் என் நாத்தனார் வீடு. பள்ளி திறப்பதற்குள் ஒரு நடை போய்வரலாம் என்று பன்னிரண்டு வயது மகளைக் கூட்டிக்கொண்டு ராத்திரி பஸ் ஏறினேன். போட்டி நடப்பதே அங்கே போன பிறகுதான் தெரியும். முக்காவில் நெடுஞ்சாலையை விட்டுத் திரும்பினால், நந்தினி ஆறும் ஷாம்பவி ஆறும் சேர்ந்து கடலில் விழும் இடம். மே மாதக் கடைசி. வானம் இருண்டு கிடந்தது. பருவமழை இறங்கிவிட்டால் அந்தக் கடலில் பலகையோடு யாரும் இறங்க முடியாது, அதற்கு முன்னால் நல்ல அலை கிடைக்கும் நாட்களைப் பார்த்து வைக்கிறார்கள் என்று நாத்தனார் வீட்டுக்காரர் சொன்னார்.

கரையில் கால் வைத்ததும் காதில் விழுந்தது தமிழ். "டேய், செட் வருது, உள்ள போ!" என்று ஒரு பையன் கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தான். மாமல்லபுரம், சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளம் பக்கத்துப் பிள்ளைகள். வரிசையாக நாலைந்து பெரிய அலை சேர்ந்து வருவதைத்தான் செட் என்கிறார்கள். பெங்களூரில் இத்தனை தமிழர் இருக்கிறோம். நம் மாநிலத்தில், ஒரு ராத்திரிப் பயண தூரத்தில், நம் மொழி பேசும் பிள்ளைகள் தேசியப் பட்டத்துக்கு மோதுகிறார்கள். அது நமக்குத் தெரியவில்லை.

போட்டி எப்படி நடக்கிறது என்று தங்கள் செய்தியில் ஒரு பத்தி இருந்திருந்தால்கூடப் போதும். எனக்கும் முதலில் ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் என் மகளுக்கு விளக்கிச் சொன்னார். ஒரு ஹீட், அதாவது சிலர் சேர்ந்து மோதும் ஒரு சுற்று, பதினைந்து, இருபது நிமிடம். சிவப்பு, வெள்ளை, மஞ்சள், நீலம் என்று சட்டை நிறத்தை வைத்து ஆளை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். எத்தனை அலை வேண்டுமானாலும் பிடிக்கலாம், ஆனால் கணக்கில் வருவது சிறந்த இரண்டுதான். ஒவ்வொன்றுக்கும் பத்து, மொத்தம் இருபது. அலையில் எவ்வளவு நேரம் நின்றார் என்பதற்கு மார்க் இல்லை. எவ்வளவு துணிந்து, எவ்வளவு வேகமாக, எத்தனை விதமாகப் பலகையைத் திருப்பினார் என்பதற்குத்தான். ஒருவருக்கு உரிமையான அலையில் இன்னொருவர் குறுக்கே புகுந்தால் மார்க் வெட்டு விழும்.

இது தெரிந்த பிறகு பார்ப்பதே வேறு. சிவப்புச் சட்டைப் பையன் ஒருவன் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தான். அலை வருகிறது, போகிறது, அவன் அசையவில்லை. எனக்கே பொறுக்கவில்லை. மகள் சொன்னாள்: "அம்மா, அவனுக்கு ஒரு அலைதான் இன்னும் வேணும். நல்லதுக்காகக் காத்திருக்கான்." கடைசி இரண்டு நிமிடத்தில் ஒன்று வந்தது, எடுத்தான். கரையே எழுந்து நின்றது.

அந்தப் பொறுமை நீச்சல் குளத்தில் வராது. இந்தப் பிள்ளைகளில் பலர் மீனவர் வீட்டில் பிறந்தவர்கள். காற்றுக்கு வாடை, கச்சான், கொண்டல் என்றும், நீரோட்டத்துக்கு வன்னி, தெண்டி என்றும் தனித்தனிப் பெயர் வைத்துப் பேசுகிற வீடுகள். கோவளம் குப்பத்துப் பிள்ளைகளுக்குச் சர்ஃபிங் சொல்லிக்கொடுத்த மூர்த்தி மெகவனும் மீனவர்தான். மாமல்லபுரத்து கமலி மூர்த்தி சிறு பிள்ளையாக இருந்தபோதே அவரைப் பற்றி ஆவணப்படம் வந்துவிட்டது. அவர் இன்று தேசியப் பட்டங்கள் வென்றவர். கிரிக்கெட்டில் மாவட்ட அளவில் ஒருவர் ஐம்பது ரன் எடுத்தால் தங்கள் பக்கத்தில் படம் வருகிறது. இவர்களுக்கு ஏன் வருவதில்லை?

அங்கே ஒரு பையனின் அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தேன். ஒரு சர்ஃபிங் பலகை உடைந்தால் வீட்டில் சில மாதக் கணக்கு உதைக்கும் என்றார். உதவி கேட்டு யாரிடம் போனாலும், "பேப்பர்ல வந்திருக்கா?" என்பதுதான் முதல் கேள்வியாம். ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இரண்டே இரண்டு செய்தி நறுக்குகளை வைத்திருந்தார். இரண்டும் ஆங்கிலம். அவருக்குப் படிக்கத் தெரியாது. மகனின் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று மட்டும் விரலால் தொட்டுக் காட்டினார். இந்தக் கடிதம் எழுதக் காரணமே அந்த விரல்தான், ஆசிரியரே.

இன்னொன்று. 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப்பில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். தனிநபர் பிரிவில் இந்தியர் ஒருவர் அங்கே பதக்கம் வாங்கியது அதுவே முதல் முறை. அதைத் தாங்கள் வெளியிட்டீர்கள், நன்றி. ஆனால் சென்னைக் கோவளத்துக்காரர் என்று அச்சாகியிருந்தது. அவர் கேரளக் கோவளத்தில் வளர்ந்தவர். கர்நாடகத்திலிருந்து அங்கே குடியேறிய குடும்பம். பிழைக்க வந்த ஊரைச் சொந்த ஊராக்கிக்கொண்ட நமக்கு அந்தக் கதை நன்றாகப் புரியும். அதை விட்டுவிட்டீர்களே என்றுதான் வருத்தம்.

2026 ஆசிய விளையாட்டில் சர்ஃபிங் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. பதக்கம் வந்தால் எல்லோரும் முதல் பக்கத்தில் போடுவார்கள். சரி, போடட்டும். அதுவரை காத்திருக்க வேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள். போட்டிக்கு ஒரு வாரம் முன்பே தேதியும் போகும் வழியும் போடுங்கள். முடிந்ததும் வென்றவர் பெயர், ஊர், எடுத்த மார்க், தோற்றவர் எங்கே கோட்டைவிட்டார் என்பது எல்லாம் வரட்டும், விளையாட்டுப் பக்கத்தில்.

தங்கள் நிருபர் அடுத்த முறை சசிஹித்லுவுக்கு வருவதானால், காலை ஏழு மணிக்கெல்லாம் கரையில் இருக்கச் சொல்லுங்கள். பகல் ஏற ஏறக் கடல்காற்று எழும்பி அலையைக் கலைத்துவிடும். நல்ல அலையெல்லாம் காலையில்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அல்சூர், பெங்களூரு