செலிக்கா காரை முழு இழப்பு என அறிவித்ததை எதிர்த்து ஒரு புகார்

அனுப்புநர்:
பாலிசிதாரர்,
கோத்தகிரி,
நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர் அலுவலர் அவர்கள்,
வாகனக் காப்பீட்டுப் பிரிவு,
மண்டல அலுவலகம்,
கோயம்புத்தூர்.

நாள்: டிசம்பர் 2024

பொருள்: டொயோட்டா செலிக்கா கார் – காட்டெருமை முட்டியதால் ஏற்பட்ட சேதம் – பழுதுபார்க்க அனுமதி மறுத்து முழு இழப்பு என அறிவித்தமை – மறுபரிசீலனை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் நிறுவனத்தில் முழுமையான காப்பீடு செய்யப்பட்டுள்ள என்னுடைய 2004ஆம் ஆண்டு டொயோட்டா செலிக்கா காரைப் பழுதுபார்க்க அனுமதிக்க இயலாது என்றும், அதை முழு இழப்பாகக் கருதி 1,60,000 ரூபாய் மட்டுமே வழங்க முடியும் என்றும், காரை நானே வைத்துக்கொள்ள விரும்பினால் கழிவு மதிப்பாக 70,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதி 90,000 ரூபாயைத் தருவதாகவும் தங்கள் கிளைம் பிரிவு எனக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறது. இந்த முடிவை நான் ஏற்கவில்லை. பாலிசியில் தாங்களே அச்சிட்டுக் கொடுத்த ஐ.டி.வி. எனப்படும் காப்பீட்டு மதிப்பு 4,50,000 ரூபாய். பட்டறை எழுத்தில் தந்துள்ள மதிப்பீட்டின்படி பழுதுபார்க்கும் செலவு 1,86,000 ரூபாய். பாதிக்கும் குறைவான செலவில் மீண்டும் ஓடக்கூடிய ஒரு காரைக் கழிவுக்கு அனுப்பச் சொல்வது எந்தக் கணக்கின்படி என்பதே என் கேள்வி.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அக்டோபர் மாத இறுதியில், விடாமல் மழை பெய்த ஓர் இரவில், வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த காரைக் காட்டெருமை முட்டியது. தேயிலைத் தோட்டத்தை ஒட்டியுள்ள எங்கள் பகுதி வீடுகளுக்குக் காட்டெருமைகள் வந்துபோவது வழக்கம்தான். அன்று நாய்கள் துரத்தியதில் மிரண்டு ஓடிய எருமைக்கு வெளியேறும் வழியில் கார் நின்றது. பானெட்டின் முன்விளிம்பு மேல்நோக்கி மடிந்தது, வலப்பக்க ஹெட்லைட் உடைந்து உள்ளே போனது, பம்பர் பிளந்தது, ரேடியேட்டரும் ஏசி கண்டென்சரும் பின்னுக்குத் தள்ளப்பட்டதில் வாட்டர் பம்ப்பின் புல்லி வளைந்து என்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் முழுவதும் தரையில் கொட்டிவிட்டது. மடிந்த விளிம்பில் சேற்றோடு ஒட்டியிருந்த கறுத்த முடியை வனத்துறை ஊழியர்களே படம் எடுத்துச் சென்றார்கள். காலையிலேயே தங்கள் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் தகவல் பதிவு செய்தேன். புகாரைப் பெற்றதற்குக் காவல் நிலையம் தந்த சி.எஸ்.ஆர். ரசீதும் வனச்சரக அலுவலகச் சான்றும் கிளைம் படிவத்துடன் அளிக்கப்பட்டுள்ளன. விபத்து நடந்த விதம் குறித்துத் தங்கள் தரப்பிலும் எந்த மறுப்பும் இல்லை.

தகராறு தொடங்குவது, சேதத்தை மதிப்பிடத் தாங்கள் அனுப்பிய சர்வேயரின் அறிக்கையில்தான். கோவையிலிருந்து வந்த அவர், மடிந்து இறுகிப்போயிருந்த பானெட்டைத் திறக்க முயலாமலும், பட்டறையிலிருந்து ஆள் வரும்வரை காத்திருக்கும்படி நான் கேட்டுக்கொண்டதை ஏற்காமலும், குடை பிடித்தபடி கைப்பேசியில் சில படங்களை எடுத்துக்கொண்டு மலையிறங்கிவிட்டார். அந்தப் பார்வையின் அடிப்படையில் எழுதப்பட்ட அறிக்கை, காரின் சந்தை மதிப்பு 1,60,000 ரூபாய் என்கிறது. பழுதுபார்க்கும் செலவு அந்தத் தொகையில் 75 சதவீதத்தைத் தாண்டுவதால் இது முழு இழப்பு என்றும் முடிக்கிறது.

75 சதவீதம் என்ற வரம்பு பாலிசி விதிகளில் இருப்பது உண்மை. ஆனால் அது எதன் மீதான 75 சதவீதம் என்பதையும் அதே விதிகள் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கின்றன: ஐ.டி.வி.யின் மீது. அதுமட்டுமல்லாமல், முழு இழப்பு தொடர்பான கிளைம்களில், பாலிசிக் காலம் முழுவதும் ஐ.டி.வி.யையே சந்தை மதிப்பாகக் கொள்ள வேண்டும், அதற்கு மேல் தேய்மானம் கழிக்கக் கூடாது என்றும் அவை கூறுகின்றன. 4,50,000 ரூபாயில் 75 சதவீதம் என்பது 3,37,500 ரூபாய். பட்டறையின் மதிப்பீடு அதன் அருகில்கூட வரவில்லை. பழுதுபார்ப்பதா, பணமாகத் தருவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை பாலிசியில் நிறுவனத்துக்கு உண்டு என்பதை நான் அறிவேன். முழு இழப்பு என்று சொல்லிப் பணமாகத் தருவதானாலும், தர வேண்டிய தொகை ஐ.டி.வி.யே தவிர, சர்வேயர் புதிதாகக் கண்டுபிடித்த ஒரு தொகை ஆகாது.

இந்த 4,50,000 ரூபாய் நான் தன்னிச்சையாக எழுதிக்கொண்டதும் அல்ல. ஐந்து ஆண்டுகளைக் கடந்த வாகனங்களுக்கும், தயாரிப்பு நிறுத்தப்பட்ட மாடல்களுக்கும் வழக்கமான தேய்மான அட்டவணை பொருந்தாது; நிறுவனமும் வாகன உரிமையாளரும் பேசி ஒப்புக்கொள்ளும் மதிப்பே ஐ.டி.வி. ஆகும். அதன்படியே தங்கள் அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் வீட்டுக்கு வந்து, காரை நாற்புறமும் படம் எடுத்து, சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்து, சுங்க ஆவணங்களையும் ஆர்.சி.யையும் சரிபார்த்த பிறகே அந்த மதிப்பு முடிவானது. இறக்குமதியான ஸ்போர்ட்ஸ் கார் என்ற காரணத்தைச் சொல்லி அப்போது கூடுதல் பிரீமியமும் பெறப்பட்டது. நான் மறுபேச்சின்றிச் செலுத்தினேன். பிரீமியம் வாங்கும்போது அரிய ஸ்போர்ட்ஸ் காராக இருந்தது, இழப்பீடு கேட்கும்போது இருபது வருடத்துப் பழைய இரும்பாக எப்படி மாறியது என்பதற்குத் தங்கள் கடிதத்தில் விளக்கம் இல்லை.

1,60,000 ரூபாய் எங்கிருந்து வந்தது என்பதை அறிக்கையின் பிற்பகுதியில் கண்டேன். அதே ஆண்டின் டொயோட்டா கொரோல்லா செடான் கார்கள் பழைய கார்ச் சந்தையில் என்ன விலைக்குப் போகின்றன என்று பார்த்து, அந்த விலையையே செலிக்காவுக்கும் வைத்திருக்கிறார் சர்வேயர். அடுத்த பக்கத்திலோ, இந்தியாவில் விற்கப்படாத மாடல் என்பதால் இதற்கு உதிரிபாகம் எதுவும் கிடைக்காது என்று எழுதி, வாட்டர் பம்ப்பையும் அந்தப் பட்டியலில் சேர்த்திருக்கிறார். இங்கேதான் எனக்கு உண்மையான வருத்தம். என் காரில் இருப்பது 1,794 சிசி கொள்ளளவுள்ள 1இசட்இசட்-எஃப்இ என்ஜின். 2003இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த கொரோல்லாவின் பானெட்டுக்குள் இருந்ததும் இதே என்ஜின்தான். அதன் வாட்டர் பம்ப் கோவையில் டொயோட்டா உதிரிபாகம் விற்கும் கடைகளில் கேட்டால் கிடைக்கும். என் மெக்கானிக் வாங்கியே வைத்துவிட்டார், அதன் ரசீது இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. விலையைக் குறைப்பதற்கு மட்டும் கொரோல்லாவின் உறவு வேண்டும், உதிரிபாகம் என்று வந்தால் அந்த உறவு வேண்டாம் என்றால் அதை நியாயமான மதிப்பீடு என்று எப்படி ஏற்பது?

பானெட், ஹெட்லைட், பம்பர் ஆகியவை செலிக்காவுக்கே உரியவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவை கிடைக்காத பொருள்களும் அல்ல. 1999 முதல் 2006 வரை தயாரிக்கப்பட்ட இந்த ஏழாம் தலைமுறை செலிக்கா பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற வலப்புற ஸ்டியரிங் நாடுகளில் தாராளமாக விற்ற கார்; அங்கே கழிக்கப்பட்ட கார்களிலிருந்து எடுத்த நல்ல பாகங்களைப் பிரிட்டனிலிருந்து வரவழைப்பதற்கான விலையும் சரக்குக் கட்டணமும் சுங்க வரியும் பட்டறையின் மதிப்பீட்டில் தனித்தனியாகக் காட்டப்பட்டுள்ளன. ரேடியேட்டருக்குப் புதிய கோர் போட்டுத் தருவதாகக் கோவையிலேயே ரேடியேட்டர் வேலை செய்பவர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இத்தகைய காரில் வேலை செய்யத் தெரிந்த மெக்கானிக் இப்பகுதியில் இல்லை என்ற வரியைப் படித்தபோது வியப்பாக இருந்தது. செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடம் இருக்கும் ஊர் கோவை. பந்தயக் கார்களையே கழற்றிப் பூட்டும் கைகள் அங்கே நிறைய உண்டு.

இன்னொரு குறிப்பையும் மறுக்க வேண்டியிருக்கிறது. ‘ஆயில் குடிக்கும் என்ஜின்’ என்று அறிக்கையில் ஒரு வரி வருகிறது. இந்த என்ஜினின் தொடக்க ஆண்டுகளில், பிஸ்டனில் ஆயில் திரும்பி வடியும் துளைகள் போதாமல் இருந்ததால் ஆயில் எரியும் குறை பரவலாக இருந்தது உண்மையே. பிறகு பிஸ்டனின் வடிவம் மாற்றப்பட்டது. 2004இல் தயாரான என் கார் அந்த மாற்றத்துக்குப் பிற்பட்டது. பானெட்டைத் திறக்காத ஒருவர், ஆயில் அளவைக் காட்டும் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்காத ஒருவர், ஆயில் நிலவரத்தைப் பற்றி எழுதியிருக்கவே கூடாது.

இந்தக் காரைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். மதிப்பீடு தவறியதற்குக் காரணம், இது என்ன கார் என்று யாரும் பார்க்காததே. நான் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறவன். ஆடம்பரக் கார் வாங்கும் வசதி எனக்கு இல்லை. பிரிட்டனில் பணிபுரிந்துவிட்டு 2006இல் நாடு திரும்பிய ஒரு மருத்துவர், காரின் மதிப்பைவிட அதிகமான சுங்க வரியைக் கட்டிக் கொண்டுவந்தது இந்தக் கார். அதன் பிறகு பல ஆண்டுகள் கழித்து, புதிய சிறிய ஹேட்ச்பேக் ஒன்றுக்கு ஆகும் தொகையைவிடக் குறைவாகவே கொடுத்து நான் வாங்க முடிந்ததென்றால், அதற்குக் காரணம் செலிக்காவை ஆர்வலர்கள் பலரும் ஒதுக்கி வைத்ததுதான். டர்போ இல்லை, முன்சக்கரங்கள்தான் இழுக்கின்றன, சுமார் 140 குதிரைத்திறன்தானா என்று கேட்பார்கள். சுப்ரா, ஸ்கைலைன் போன்ற ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார்களின் விலை எங்கோ போய்விட்ட இந்தக் காலத்திலும் இது எட்டும் விலையில் கிடைப்பது அதனால்தான். 1990இலும் 1992இலும் ஸ்பெயின் நாட்டு ஓட்டுநர் கார்லோஸ் சைன்ஸ் உலக ராலி வாகையர் பட்டம் வென்றது செலிக்காவில் என்பதைக்கூடப் பலர் மறந்துவிட்டார்கள்.

ஆனால் மலையில் வாழ்கிறவர்களுக்கு இதன் அருமை வேறு விதமாகத் தெரியும். 1,200 கிலோவைத் தொடாத எடை, ஆறு கியர், பின்சக்கரங்களுக்குத் தனித்தனியான டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் வழியில், கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியரில் திரும்பும்போது, ஸ்டியரிங் எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவு மட்டும் திரும்பி, பின்பக்கம் அலையாமல் கூடவே வரும். வேகமே போகத் தேவையில்லை. இந்தச் சாலைகளில் போகவும் கூடாது. நிதானமாக ஓட்டும்போதே ஒரு நல்ல இயந்திரம் கைக்குள் இருப்பது தெரிகிற கார் இது. 2021இல் ஆர்.சி. புதுப்பிக்கக் கொண்டுபோனபோது, பிரேக் முதல் புகை வரை எல்லாச் சோதனையிலும் தேறி, பசுமை வரி செலுத்தி, 2026 வரை ஓட அனுமதி பெற்றிருக்கிறது. 90,000 ரூபாயை வைத்துக்கொண்டு இதற்கு ஈடான ஒன்றை நான் எங்கே தேடுவது? டொயோட்டா இந்தியாவில் இதை விற்றதே இல்லை. கழிவுக்குப் போனால் இன்னொன்று கிடைக்காது.

தாமதமும் சேதத்தைக் கூட்டுகிறது என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். நீலகிரியின் கிழக்குச் சரிவில் இருக்கும் எங்கள் ஊருக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. ஹெட்லைட் இருந்த இடம் திறந்து கிடக்கிறது. தார்ப்பாய் கட்டியும் மூடுபனியின் ஈரத்தைத் தடுக்க முடியவில்லை. வளைந்த தகட்டில் பெயிண்ட் உரிந்த இடமெல்லாம் துரு ஏறிவிட்டது. தங்கள் அனுமதி இல்லாமல் கழற்றினால் கிளைம் மறுக்கப்படும் என்று சொல்லப்பட்டதால் பட்டறையாரும் கை வைக்கத் தயங்குகிறார்கள். விபத்து நடந்த வாரத்திலேயே அனுமதி கிடைத்திருந்தால் இந்தத் துருவுக்கு இடமே இருந்திருக்காது. எனவே இதனால் கூடும் தகர வேலை, பெயிண்ட் செலவை நிறுவனமே ஏற்க வேண்டும்.

ஆகவே, முழு இழப்பு என்ற முடிவைத் திரும்பப் பெற்று, வேறொரு சர்வேயரை நியமித்து, பட்டறை ஆள் முன்னிலையில் பானெட்டைத் திறந்து மறு ஆய்வு செய்யுமாறும், அதன்படி பழுதுபார்ப்புக்கு எழுத்துமூலம் அனுமதி வழங்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். பாலிசியின்படி எனக்குச் சேர வேண்டியதற்கு மேல் எதையும் நான் கேட்கவில்லை. பத்து ஆண்டுகளைக் கடந்த வாகனம் என்பதால் உலோகப் பாகங்களுக்கு 50 சதவீதமும், பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதமும் தேய்மானம் கழிக்கப்படும் என்பதையும், 1,500 சிசிக்கு மேற்பட்ட கார் என்பதால் கட்டாயப் பிடித்தமாக 2,000 ரூபாய் என் பொறுப்பு என்பதையும் ஏற்கிறேன். இவற்றைக் கழித்தால் நிறுவனம் தர வேண்டியது, தற்போது தர முன்வந்திருக்கும் 1,60,000 ரூபாயைவிடக் குறைவாகவே இருக்கும். அது தெரிந்தேதான் கேட்கிறேன். எனக்கு வேண்டியது கார். இதற்கு மேலும் முழு இழப்புதான் என்று நிறுவனம் உறுதியாக இருந்தால், ஐ.டி.வி. தொகையான 4,50,000 ரூபாயை அடிப்படையாகக் கொண்டே தீர்வு காணப்பட வேண்டும். முதல் சர்வேயருடைய அறிக்கையின் முழுப் பிரதி, அவர் எடுத்த படங்களுடன், எனக்கு வழங்கப்பட வேண்டும். இதுவரை அதன் சில பக்கங்கள் மட்டுமே என்னிடம் தரப்பட்டுள்ளன.

இக்கடிதம் கிடைத்த 30 நாட்களுக்குள் தக்க பதில் வராவிட்டால், சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடுவேன். தேவைப்பட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடர வழிசெய்துள்ளதால், உதகமண்டலத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் அணுகுவேன். பாலிசிப் பிரதி, ஆர்.சி., சுங்க ஆவணம், சி.எஸ்.ஆர். ரசீது, வனத்துறைச் சான்று, பட்டறையின் மதிப்பீடு, வாட்டர் பம்ப் ரசீது, புகைப்படங்கள் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். மறு ஆய்வுக்கு வரும் நாளை முன்கூட்டியே தெரிவித்தால், பட்டறை மெக்கானிக்கை வரவழைத்துத் தயாராக இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பாலிசிதாரர்,
கோத்தகிரி.