ஹராரேயின் ஹார்வெஸ்ட் ஹவுஸ்: நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்து காலை நடையை மீண்டும் தொடங்கிவிட்டீர்கள் என்பதும், பேத்திக்குச் சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது என்பதும் மிகுந்த நிறைவைத் தந்தன. இங்கே எல்லோரும் நலம்.

கைப்பேசி எல்லோர் கையிலும் இருக்கும் காலத்தில் ஓர் எதிர்க்கட்சிக்குத் தலைமை அலுவலகம் என்று ஒரு கட்டடம் எதற்கு, அது வீண் செலவும் உட்கட்சிச் சண்டைக்கான களமும்தானே என்று கடைசிப் பக்கத்தில் கேட்டிருந்தீர்கள். இதற்கு விடை தேட ஜிம்பாப்வேயைவிடப் பொருத்தமான நாடு எனக்குத் தோன்றவில்லை. அங்கே ஒரே எதிர்க்கட்சி அணி கட்டடத்தோடும் வாழ்ந்து பார்த்தது. கட்டடம் இல்லாமலும் வாழ்ந்து பார்த்தது.

தலைநகர் ஹராரேயில் ஆளுங்கட்சியான ஸானு-பி.எஃப். தன் சேவல் சின்னத்தை ஏற்றி வைத்திருக்கும் உயரமான தலைமையகத்தை எவரும் பார்க்கத் தவற முடியாது. ‘ஷேக் ஷேக்’ என்னும் மலிவு விலை பியரை அடைத்து விற்கும் அட்டைப்பெட்டியின் வடிவில் அது இருப்பதால், ஊர் மக்கள் அந்தப் பெயரையே கட்டடத்துக்கும் வைத்துவிட்டார்கள். தொழிற்சங்கத் தலைவர் மார்கன் சுவாங்கிராய் 1999-இல் தொடங்கிய ஜனநாயக மாற்றத்துக்கான இயக்கத்தின் தலைமையகமோ நெல்சன் மண்டேலா அவென்யூவில் உள்ள ஒரு சாதாரண மாடிக்கட்டடம். முன்பு ராபின்சன் ஹவுஸ் என்றிருந்த அது ஹார்வெஸ்ட் ஹவுஸ் ஆயிற்று; 2018 பிப்ரவரியில் சுவாங்கிராய் மறைந்தபின் அவர் பெயரைப் பெற்றது.

நகரின் நடுவே இப்படி ஒரு முகவரி இருந்ததால் காவல்துறைக்குத் தேடி அலையும் வேலை மிச்சமாயிற்று. 2007 மார்ச்சில், காவலர்களிடம் அடிபட்டு மூன்று வாரம்கூட ஆகாத சுவாங்கிராயை, அவர் செய்தியாளர்களைச் சந்திக்கவிருந்த நாளில் அங்கிருந்துதான் பிடித்துச் சென்றார்கள். 2008 தேர்தலின் முதல் சுற்றில் அவர் அதிபர் முகாபேயை முந்தியதும் கிராமப்புறங்களில் எதிர்க்கட்சியினர் மீது தாக்குதல் தொடங்கியது. ஊரைவிட்டு ஓடிவந்தவர்கள், குழந்தைகளோடு வந்த பெண்கள் உட்பட, அந்த அலுவலகத்தில் தஞ்சம் புகுந்திருந்தார்கள். ஏப்ரல் 25 அன்று காவல்துறை உள்ளே புகுந்து இருநூறுக்கும் மேற்பட்டவர்களை அள்ளிச் சென்றது. இருந்தும், அடிபட்டவன் எங்கே போவது என்று யோசிக்காமல் வந்து சேரக்கூடிய ஓர் இடம் அந்த நாட்களில் இருந்தது என்பதை நான் பெரிதாகவே நினைக்கிறேன். வாட்ஸ்அப் குழுவில் யாரும் படுத்துறங்க முடியாது.

உட்கட்சிச் சண்டை பற்றி நீங்கள் எழுதியதை நான் மறுக்கப் போவதில்லை. 2014 பிப்ரவரியில், சுவாங்கிராய் பதவி விலக வேண்டும் என்று கடிதம் எழுதிய துணைப் பொருளாளர் எல்டன் மங்கோமாவை அதே கட்டடத்தின் வாசலில் சொந்தக் கட்சி இளைஞர்களே அடித்தார்கள். அரசின் வன்முறையை எதிர்த்து வளர்ந்த கட்சியின் வாசலில் அது நடந்ததை எந்த நியாயத்தாலும் மூடிவிட முடியாது.

உங்கள் கேள்விக்கு நேரான விடை 2020-க்குப் பிந்தைய வரலாற்றில் இருக்கிறது. 2018 அதிபர் தேர்தலில், சுவாங்கிராய்க்குப் பின் கட்சித் தலைமைக்கு வந்த நெல்சன் சமீசா 44 விழுக்காட்டுக்கும் மேல் வாக்குப் பெற்றார்; கட்சியின் மறுபிரிவில் நின்ற தோகோசானி குபே ஒரு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. ஆனால் 2020 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றம், சுவாங்கிராய்க்குப் பின் சமீசா தலைமைக்கு வந்த விதம் கட்சி விதிகளுக்கு மாறானது என்றும், குபேயே இடைக்காலத் தலைவர் என்றும் தீர்ப்பளித்தது. ஜூன் தொடக்கத்தில் குபே அணியினர் காவலர்களும் படையினரும் துணைநிற்கக் கட்டடத்தைக் கைப்பற்றினார்கள். உள்ளே நுழைய முயன்ற டென்டாய் பிட்டி உள்ளிட்ட சமீசா அணித் தலைவர்கள் கைதானார்கள். கட்சிகளுக்கு அரசு தரும் நிதியும் அந்த அணிக்கே போயிற்று. இத்தனை கிடைத்தும் அவர்களிடம் வாக்கு மட்டும் வந்து சேரவில்லை. சமீசா 2022 ஜனவரியில் மாற்றத்துக்கான குடிமக்கள் கூட்டணி என்ற புதிய கட்சியைத் தொடங்கி, மார்ச் இடைத்தேர்தலில் 28 நாடாளுமன்றத் தொகுதிகளில் 19-ஐ வென்றார். கட்டடத்தை வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் இல்லை.

இதுவரை படித்தால் கட்டடம் வேண்டாம் என்ற உங்கள் வாதமே வென்றதாகத் தோன்றும். சமீசாவும் அப்படித்தான் நினைத்தார் போலும். ஊடுருவலுக்கு அஞ்சி, பொறுப்பாளர் பட்டியலும் மாவட்ட அமைப்புகளும் வெளியே தெரியாதபடி, ஏறத்தாழ தம்மைத் தவிர வேறு பதவியே இல்லாத கட்சியாக அதை நடத்தினார். ஜிம்பாப்வேயில் கட்சிகளைப் பதிவுசெய்யக் கட்டாயம் இல்லை. அதே சமயம், ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் எங்கள் கட்சியில் இல்லை என்று கட்சி சபாநாயகருக்கு எழுதினால் அவர் பதவி பறிபோகும் என்கிறது அரசமைப்புச் சட்டம். இவ்விரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை வழக்கறிஞரான சமீசா எண்ணிப் பார்க்காதது எனக்கு இன்றும் வியப்புதான். 2023 அக்டோபரில் செங்கேசோ சபாங்கு என்பவர் தாமே இடைக்காலப் பொதுச்செயலாளர் என்று சபாநாயகருக்குக் கடிதம் எழுதினார். அப்படியொரு பதவியே கட்சியில் இல்லை என்று சமீசா சொன்னது எடுபடவில்லை. உறுப்பினர்கள் பதவி இழந்தார்கள். அதையடுத்து வந்த இடைத்தேர்தல்களின் வழியாக ஆளுங்கட்சி மூன்றில் இரண்டு பங்கு பலத்தை எட்டியது. 2024 ஜனவரியில் சமீசா தாம் தொடங்கிய கட்சியைவிட்டே வெளியேறினார்.

ஆகவே சுவரும் கூரையும் இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. அது இருந்தபோதே பறிபோனதைப் பார்த்தோம். ஆனால் ஓர் அலுவலகம் இருந்தால் உறுப்பினர் பதிவேடு, கூட்டக் குறிப்பேடு, யார் எந்தப் பொறுப்பில் இருக்கிறார் என்ற பட்டியல் ஆகியவற்றை வைத்திருந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் தானாக வந்துவிடுகிறது. சமீசா தவிர்த்தது வாடகையை மட்டுமன்று, இந்தக் கட்டாயத்தையும்தான் என்பது என் எண்ணம். நீங்கள் சங்க அலுவலகத்தில் பல ஆண்டுகள் செயலாளராக இருந்தவர். குறிப்பேட்டின் அருமை என்னைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும். எனவே மறுப்பை விரிவாகவே எழுதுங்கள்.

பொங்கலை ஒட்டி இந்தப் பக்கம் வருவதாக எழுதியிருந்தீர்கள். தேதி முடிவானதும் தெரிவித்தால் நிலையத்துக்கு வந்து அழைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்