சிறப்புக் குழந்தைகளின் பெற்றோர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழு ஐந்து முறை கூடியது. டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினத்தைக் கொண்டாடினோம். அடையாள அட்டை முகாம் ஒன்று நடந்தது. மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் நான்கு பிள்ளைகளைப் புதிதாகச் சேர்த்தோம். ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும். மற்றவர்களும் தள்ளிப்போட வேண்டாம்.

இனி சனிக்கிழமை இசை வகுப்பு. வீண் செலவு என்று செயற்குழுவில் பேச்சு வந்ததால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தீவிர அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான வகுப்பு இது. பாதிப் பேருக்குப் பேச்சு கிடையாது. டீச்சர் முதல் இரண்டு வாரம் கர்நாடக இசையின் ஆரம்பப் பாடமான சரளி வரிசை சொல்லிப் பார்த்தார். ஒருவன் எழுந்து சன்னலுக்குப் போய்விட்டான். ஜால்ரா சத்தம் கேட்டதும் ஒரு பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு அழுதது. ஜால்ரா அன்றே பைக்குள் போனது, சரளி வரிசையும் நின்றது. அப்புறம் வாராவாரம் ஒரே மாதிரிதான்: பெயர் சொல்லி வணக்கப் பாட்டு, சலங்கை, சுருதிப் பெட்டி, கடைசியில் தாலாட்டு. இப்போது தாலாட்டு ஆரம்பித்தால் பிள்ளைகள் செருப்பைத் தேடுகிறார்கள். சலங்கைக் குச்சியைப் பிடிக்க வராத பிள்ளைக்கு மணிக்கட்டில் சலங்கை கட்டிவிடுகிறோம். அந்தச் சத்தம் தன் கையால்தான் வருகிறது என்று அதற்குப் பிடிபட ஒரு மாதம் ஆனது.

துருத்தி வைத்த பழைய சுருதிப் பெட்டியைக் குழுவைக் கேட்காமல் வாங்கியது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன் மரம் அதிர்வதைத் தொட்டு உணரலாம். பேச்சில்லாத பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் அதில் கன்னத்தை வைத்தபடியே உட்கார்ந்திருப்பான். டீச்சர் அவன் பெயரைப் பாடி, கடைசி ஸ்வரத்தை மட்டும் விட்டுவிட்டுக் காத்திருப்பார். எட்டு விநாடி, பத்து விநாடி. யாரும் எடுத்துக்கொடுக்கக் கூடாது. பக்கத்தில் இருக்கும் அம்மாக்களுக்கு அதுதான் கஷ்டம். பொங்கலுக்கு அப்புறம் ஒரு சனிக்கிழமை அவன் “ம்ம்” என்று அந்த இடத்தை நிரப்பினான். சரியாக ஷட்ஜத்தில், அதாவது ‘ஸ’வில் நின்றது. அவன் அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

டிசம்பர் 3 அன்று இவர்களை ஏன் மேடையேற்றவில்லை என்று கேட்டீர்கள். மைக்கும் கைதட்டலும் இந்தப் பிள்ளைகளுக்குத் தாங்காது. நாம் பார்த்துச் சந்தோஷப்பட அவர்களை அழவைக்க எனக்கு மனமில்லை.

வகுப்பு வேண்டும் என்று கையெழுத்துப் போட்டவர்கள் ஒன்பது பேர். விடாமல் வருவது ஐந்து பிள்ளைகள். இரண்டு வாரம் விட்டால் மறுபடி முதலிலிருந்துதான். சந்தாவும் அப்படியே. 41 உறுப்பினர்களில் 17 பேர்தான் முழுதாகக் கட்டியிருக்கிறார்கள். அரசு தரும் 2,000 ரூபாய் உதவித்தொகை மருந்துக்கும் டயப்பருக்குமே போய்விடுகிறது, என் வீட்டிலும் அதே கதைதான். முடியாதவர்கள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போன் எடுக்காமல் இருந்ததுதான் வருத்தம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நன்கொடைகளால் ஒருவாறு சமாளித்தோம். டீச்சருக்கு மட்டும் இரண்டு மாதம் பாக்கி.

தலைவர், பொருளாளர், கூடம் தந்தவர், பிள்ளைகளைப் பொறுமையாக ஏற்றி இறக்கும் ஆட்டோ அண்ணன் எல்லோருக்கும் நன்றி.

டீச்சரைச் சனிக்கிழமைகளில் வேறோர் இடத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள். ஜூன் முதல் வாரம் வரை நம் பதிலுக்குக் காத்திருப்பதாகச் சொன்னார். கூட்டம் முடிந்ததும் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசல் மேசையில் இருப்பார்.

செயலாளர்