பலகையில் எழுதிய வேகம் டேங்கருக்கானதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெடுஞ்சாலைச் சந்திப்புகளின் சரிவுப்பாதைகளில் எரிபொருள் டேங்கர்கள் கவிழ்ந்து தீப்பிடிப்பது குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். விபத்துகளை விரிவாகச் சொன்ன கட்டுரை, காரணம் என்று வரும்போது "ஓட்டுநரின் அதிவேகம்" என்ற இரண்டு சொற்களோடு முடிந்துவிட்டது. 22 ஆண்டுகள் பெட்ரோல் டேங்கர் ஓட்டிவிட்டு, அதன்பின் சில காலம் புதிய ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுத்தவன் நான். வேகம் காரணமில்லை என்று வாதாட வரவில்லை. ஆனால் எது அதிவேகம் என்பதை யாரை அளவாக வைத்து முடிவு செய்கிறோம் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

100 மீட்டர் ஆரமுள்ள, சமதளமான ஒரு வளைவை எடுத்துக்கொள்வோம். அதில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியை வெளிப்பக்கமாகத் தள்ளும் விசை, அதன் எடையில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. வேகம் 70 ஆனால் அது மூன்றில் ஒரு பங்கையும் தாண்டிவிடும். அதாவது வேகம் இரண்டு மடங்குகூட ஆகாத நிலையில் விசை மூன்று மடங்காகிவிடுகிறது. தாழ்வாக அமைந்த கார் இதைத் தாங்கிக்கொள்ளும், மிஞ்சினால் சறுக்கும். பாரம் உயரத்தில் நிற்கும் டேங்கருக்கோ, முழு லோடோடு இருக்கையில், அந்த மூன்றில் ஒரு பங்கை ஒட்டிய இடத்திலேயே உள்வளைவுச் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பத் தொடங்கிவிடும். சரிவுப்பாதையின் வாயிலில் நடப்படும் ஆலோசனை வேகப் பலகை பெரும்பாலும் காரில் போகிறவரின் வசதியைக் கணக்கிட்டு வைக்கப்படுவது. அமெரிக்காவில் கனரக வாகன உரிமத்துக்கான கையேடே இதை ஒப்புக்கொள்கிறது: வளைவில் எழுதியிருக்கும் வேகத்திலேயே டேங்கர்கள் கவிழ்ந்துவிடக்கூடும், ஆகவே அதைவிட நன்றாகக் குறைத்து ஓட்டுங்கள் என்கிறது. எழுதியிருக்கும் வேகத்தை மதித்து ஓட்டுபவரும் கவிழக்கூடும் என்றால், அந்தப் பலகை அவருக்கு என்ன சொல்கிறது?

இதில் சரக்கும் சும்மா இருப்பதில்லை. டேங்கருக்குள் தனித்தனி அறைகளும் தடுப்புத் தகடுகளும் உண்டு; ஆனால் அவை முன்பின்னாக எழும் அலையைத்தான் தடுக்கும், இடவலமாக எழும் அலையை அல்ல. ஒரு நிலையத்தில் பாதி அறையை மட்டும் இறக்கிவிட்டு அடுத்த நிலையத்துக்குப் போகும்போது, ஸ்டியரிங்கைத் திருப்பியதும் வண்டி திரும்பிவிடும், உள்ளே இருக்கும் எண்ணெய் ஒரு கணம் தாமதித்துத் திரும்பும். பாரம் குறைந்துவிட்டதே என்று மனம் லேசாகும் வேளையும் அதுதான். (புதியவர்களிடம் இதை வாயால் சொல்லிப் பயனில்லை, அரைவாசி நீர் நிரப்பிய குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு சட்டென்று திரும்பிப் பார்க்கச் சொல்வேன்.) பிரேக்கை வளைவுக்குள் நுழையும் முன்பே போட்டு முடித்திருக்க வேண்டும். உள்ளே போன பிறகு பயந்து மிதித்தால் பாரம் முன்பக்கம் பாய்ந்து நிலைமை மோசமாகும். பின்னால் இழுத்து வரப்படும் டேங்கின் சக்கரம் தூக்கத் தொடங்குவதைக் கேபினில் இருப்பவரால் உடனே உணர முடியாது. கண்ணாடியில் கண்டுகொள்ளும்போது திருத்த நேரம் இருக்காது.

2007 ஏப்ரல் 29 அன்று கலிபோர்னியாவின் ஓக்லண்டில், சுமார் 32,000 லிட்டர் பெட்ரோலோடு வந்த டேங்கர் இணைப்புப் பாதையில் கவிழ்ந்து எரிந்ததில், மேலே இருந்த சாலை சரிந்து விழுந்தது. 2023 ஜூன் 11 அன்று பிலடெல்பியாவில் ஐ-95 நெடுஞ்சாலைக்குக் கீழே ஏறக்குறைய அதே அளவு பெட்ரோலோடு இன்னொரு டேங்கர் வளைவில் கவிழ்ந்தது. பாலம் இடிந்தது, ஓட்டுநர் இறந்தார். இரண்டும் ஞாயிறு அதிகாலையிலோ காலையிலோ நடந்ததால் கூட்டம் குறைவாக இருந்தது என்பதை நாம் அதிகம் நினைப்பதில்லை. பாலம் "உருகியது" என்று செய்திகள் எழுதின. எஃகு உருக 1,500 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வெப்பம் வேண்டும். ஆனால் 600 டிகிரியை ஒட்டியே அது தன் பலத்தில் ஏறக்குறைய பாதியை இழந்துவிடுகிறது, பெட்ரோல் தீயோ 1,000 டிகிரியைத் தாண்டும். உருக வேண்டிய தேவையே இல்லை.

ஓக்லண்டில் பாலத்தைச் சீக்கிரம் கட்டினால் முன்கூட்டி முடிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 2 லட்சம் டாலர் ஊக்கத்தொகை என்று ஒப்பந்தம் போட்டார்கள். ஒரு மாதத்துக்குள் சாலை திறந்தது. பிலடெல்பியாவில் 12 நாட்களில் தற்காலிகப் பாதை போட்டார்கள். பாராட்டத்தக்க வேலைதான். ஆனால் இடிந்ததை எழுப்ப இவ்வளவு அவசரம் காட்டும் நிர்வாகம், கவிழாமல் தடுப்பதில் அதே அவசரத்தைக் காட்டியதில்லை. 2009இல் இண்டியானாபோலிஸ் இணைப்புப் பாதையில் எரிவாயு டேங்கர் கவிழ்ந்த பிறகு, கவிழ்வதைத் தடுக்கும் மின்னணு நிலைப்பு அமைப்பு தேவை என்று அமெரிக்க விபத்து விசாரணை வாரியம் வலியுறுத்தியது. அதைக் கட்டாயமாக்கும் விதி 2015இல்தான் வந்தது. அதுவும் முன்னால் நின்று இழுக்கும் புதிய லாரிகளுக்கும் பெரிய பேருந்துகளுக்கும் மட்டும். பின்னால் வரும் டேங்கை அது தொடவில்லை.

எனக்குத் தோன்றுவது மிகச் செலவான யோசனைகள் இல்லை. கவிழும் லாரியின் படம் போட்ட எச்சரிக்கைப் பலகையும் அதற்கான தனி வேகமும் டேங்கர்கள் அதிகம் போகும் எல்லாச் சரிவுப்பாதைகளிலும், வளைவுக்கு வெகு முன்பாக, பிரேக் போட இடம் இருக்கும் தூரத்தில் வேண்டும். ஒரு நாளில் எத்தனை நடை அடித்தாய் என்று கணக்குப் பார்த்துக் கூலி கொடுக்கும் முறை எரிபொருள் வண்டிகளிலாவது நீங்க வேண்டும். நடைக்குக் கூலி வாங்கியவன் என்ற அனுபவத்தில் சொல்கிறேன், கடைசி நடையின் வளைவு முதல் நடையின் வளைவைப் போல் கண்ணுக்குத் தெரியாது. ஓட்டுநரின் பொறுப்பை இவை எதுவும் குறைத்துவிடாது. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு சரிவில் இறங்கியவருக்காக நான் பரிந்து பேச மாட்டேன்.

அடுத்த முறை இப்படி ஒரு விபத்தைத் தங்கள் செய்தியாளர் எழுதும்போது, நான்கு விவரங்களைக் கேட்டு வெளியிடுமாறு வேண்டுகிறேன்: அந்த வளைவின் பலகையில் இருந்த வேகம் எவ்வளவு, ஒவ்வோர் அறையிலும் எவ்வளவு எரிபொருள் இருந்தது, வண்டியில் நிலைப்பு அமைப்பு இருந்ததா, ஓட்டுநர் அன்று எத்தனை மணிக்கு வேலையில் ஏறினார்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற டேங்கர் ஓட்டுநர்