டிசம்பர் ஃபிஜி பயணம்: 25, 26 தேதிகள் ஏன் காலியாக இருக்கின்றன?

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

டிசம்பர் ஃபிஜி பயணத்துக்குப் பதிவு செய்திருக்கும் உங்களில் பலர், நிகழ்ச்சி நிரலில் 25, 26 இரண்டு நாட்களும் படகுச் சவாரியோ கடைவீதியோ இல்லையே என்று கேட்டிருந்தீர்கள். தெரிந்தேதான் அப்படி விட்டிருக்கிறோம்.

அவ்விரு நாட்களும் அங்கே அரசு விடுமுறை. தலைநகர் சுவாவில் வேலை பார்ப்பவர்கள் பலர் கப்பலேறிச் சொந்தத் தீவுக்குப் போய்விடுவார்கள். நமக்கு வண்டி ஓட்டுபவருக்கும் படகுக்காரருக்கும் குடும்பம் இருக்கிறது. கிறிஸ்துமஸ் அன்று அவர்களை வேலைக்கு அழைக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

25ஆம் தேதி, நாடி நகரில் நாம் தங்கும் விடுதியிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் உள்ள ஒரு கிராமம் நம்மை விருந்துக்கு அழைத்திருக்கிறது. காலையில் ‘லாலி’ என்னும் மரமுரசு ஒலிக்க, ஊரே தேவாலயத்தில் கூடும். பூர்வகுடிகளில் பெரும்பாலோர் மெதடிஸ்ட் சபையினர். அவர்கள் பல குரல்களில் இழைத்துப் பாடுவதை அவசியம் கேளுங்கள்.

பிறகு லோவோ. குழி வெட்டி, விறகடுக்கி, அதன்மேல் கற்களைப் போட்டு எரிப்பார்கள். கல் நன்றாகக் காய்ந்ததும் கொள்ளிகளை இழுத்துவிட்டு, தென்னங்கீற்றில் பொதிந்த கோழி, மீன், பன்றி இறைச்சி, சேப்பங்கிழங்கு, மரவள்ளி எல்லாவற்றையும் உள்ளே இறக்குவார்கள். மேலே வாழையிலை, சாக்கு, மண். இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத் திறக்கும்போது கிழங்கில் புகைமணம் ஏறியிருக்கும். எங்களைக் கேட்டால், இறைச்சியைவிட அந்தக் கிழங்குதான் விருந்து. கூடவே பாலுசாமி: சேம்பு இலையில் வெங்காயமும் கெட்டித் தேங்காய்ப்பாலும் வைத்துக் கட்டி வேகவைப்பது. இதில் டின் மாட்டிறைச்சி சேர்ப்பதும் உண்டு. ஆகவே சைவம் சாப்பிடுபவர்கள் டிசம்பர் முதல் வாரத்துக்குள் எங்களிடம் சொல்லிவிடுங்கள், தனியாகக் கட்டித்தருவார்கள்.

ஊருக்குள் தொப்பி அணியக் கூடாது. தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்துங்கள். ஊர்த்தலைவருக்குக் கவா என்னும் செடியின் வேர்க்கட்டு வைத்து அனுமதி கேட்பது முறை. அதை நாங்கள் வாங்கிவைத்துவிடுவோம். அந்த வேரை இடித்துத் தண்ணீரில் கரைத்த கவா பானத்தைச் சிரட்டையில் நீட்டினால் ஒருமுறை கைதட்டி வாங்கி, ஒரே மூச்சில் குடித்துவிட்டு, மூன்றுமுறை தட்டுங்கள். குடிக்க விருப்பமில்லை என்றால் பணிவாகச் சொல்லிவிடலாம்.

26ஆம் தேதி உங்கள் விருப்பம். நாடியில் சிவசுப்பிரமணியர் கோயில் இருக்கிறது. 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களின் வழிவந்தோர் இன்றும் அங்கே முருகனை வணங்குகிறார்கள்.

27ஆம் தேதிப் படகுப் பயணம் வானிலையைப் பொறுத்தது. 2012இல் இவான், 2020இல் யாசா என இரு பெரும் புயல்கள் டிசம்பரில்தான் ஃபிஜியைத் தாக்கின. எச்சரிக்கை வந்தால் படகு கிளம்பாது. அதற்கான கட்டணத்தைத் திருப்பித் தந்துவிடுவோம்.

இப்படிக்கு,
உங்கள் பயண ஏற்பாட்டாளர்கள்